ஒரு சாதாரண நாளின் அளவு

"ஒரு சாதாரண நாளில் உங்கள் வீடு எப்படி இருக்கும்?"

தொலைபேசியில் ஒரு பெண்குரல் உதயகுமாரியிடம் இப்படித்தான் கேட்டது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நவம்பர் மாதம். ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் நாலாம் மாடி வீட்டுக் குசினியில், கையில் ஒட்டிய வெங்காயத் தோலோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒஸ்லோவுக்கு வந்த பதினெட்டு வருடங்களில் அரசாங்கம் அவளிடம் கேட்காத கேள்வி இல்லை. எந்த வழியால் வந்தாய், யாரோடு வந்தாய், தகப்பனுடைய தமையன்மார் எத்தனை பேர், அவர்களுடைய மனைவிமார் பெயர் என்ன. எல்லாவற்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். வீடு எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது.

"நல்லா இருக்கும்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

"மிகவும் நல்லது. அதைத்தான் அளக்க வருகிறோம்" என்று சொல்லிவிட்டுக் குரல் போய்விட்டது.

இரண்டு நாளில் பன்னிரண்டு பக்கக் கடிதம் வந்தது. உதயகுமாரியின் கணவன் குகநேசன் பாண் சுடுகிற தொழிற்சாலையில் விடிய நாலு மணிக்கு வேலை தொடங்குகிறவர். வாசிப்பதில் பிரியம் உள்ளவர்தான். மூன்று பக்கம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். விசயம் இதுதான். வீட்டுக் கரிவரி முன்னோட்டப் பணிமனை என்று ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாதாரண நாளில் வந்து, வீடு எவ்வளவு சூட்டைச் செலவழிக்கிறது என்று அளப்பார்கள். அந்த ஒரு நாளை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி வருடக் கணக்காக எடுப்பார்கள். அளவு கூடினால் கரிவரி கூடும். மிகவும் கூடினால் ஹீற்றர்களில் ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். பெட்டி பொருத்திய அறை பதினாறு பாகைக்கு மேலே போகாது. இதெல்லாம் தண்டனை இல்லை, ஊக்கம் என்று கடிதம் இரண்டு இடத்தில் தடித்த எழுத்தில் சொன்னது.

வேறொரு மாதமாக இருந்தால் உதயகுமாரி இதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டாள். ஆனால் அவளுடைய மகள் கோபிகா பிள்ளை பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மருமகன் தினேஸுக்கு வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் ஒரு கிழமை, ஏழு நாள்தான் ஒஸ்லோவில் நிற்பான். அதனால் கோபிகா பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை மூன்று கிழமை முந்திப் பிறந்துவிட்டது. இரண்டரைக் கிலோகூட இல்லை. பிள்ளைக்கு நாலு கிலோ வரும்வரை அறை இருபத்துமூன்று பாகையில் இருக்கவேண்டும், இருபத்திரண்டுகூடக் காணாது என்று குழந்தைகள் தாதி சொல்லியிருந்தாள். அந்த அறையின் ஹீற்றர் உதயகுமாரிக்குச் சாமியறை விளக்கு மாதிரி. தூக்கத்தில் எழும்பினாலும் முதலில் போய் அதைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "எங்கள் வருகைக்காக நீங்கள் எந்த ஆயத்தமும் செய்யவேண்டியதில்லை" என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வருகிறவர் ஒன்றும் செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் அதற்கு என்ன பொருள் என்பது மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் தெரியும். உதயகுமாரி வேலையில் இரண்டு நாள் லீவு எடுத்தாள்.

திரைச்சீலைகளையும் குஷன் உறைகளையும் கழற்றித் தோய்த்து, இயந்திரத்தில் உலரவைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி மாட்டினாள். கம்பளத்தை இரண்டு தரம் தூசி இழுவையால் இழுத்தாள். வெள்ளைக்காரன் குளிருக்குள் இருந்து வரப்போகிறான், அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது கால் விறைக்கக்கூடாது என்று விடியக்காலை ஐந்து மணிக்கே எல்லா ஹீற்றரையும் முடிந்தமட்டும் திருகிவிட்டாள். அது போதாதென்று இரண்டாம் மாடிக் கமலேஸ்வரியிடம் இரண்டு ஹீற்றர் இரவல் வாங்கி வாசல் நடையில் வைத்தாள். வீட்டில் எத்தனை விளக்கு இருந்ததோ அத்தனையும் எரிந்தன. சாமிப்படத்தைச் சுற்றியிருந்த நிறக்குமிழ்கள்கூடத் தீபாவளிக்குப் பிறகு முதல்தடவையாக மின்னின. அடுப்பின் ஒரு தட்டில் வடை, மற்றதில் கட்லற், கீழே போறணையில் கேக்.

வந்தவர் பெயர் ஒட்வார். மெலிந்து உயர்ந்தவர், மூக்கு நுனி சிவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கம்பளிச்சட்டை போட்டிருந்தார். நன்றாகக் கதைக்கிற மனிதர். வாசலில் சப்பாத்துக் கழற்றத் தொடங்கியவர் வரவேற்பறைக்கு வருவதற்குள் பணிமனையின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டார். கதிரையில் இருந்தபோது முதல் கம்பளியைக் கழற்றினார். இரண்டாவது வடையோடு இரண்டாவதையும், கட்லற் வந்தபோது மூன்றாவதையும் கழற்றினார். உள்பனியனோடு இருந்தபடி கைக்கருவியைச் சுவர்ப்பக்கம் நீட்டி அளந்தார். கருவி பேசாமல் இருந்துவிட்டு ஒருதரம் கீச்சிட்டது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு மின்மானியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள்தானே?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் விசயம் பிழைத்தது. உண்மையைச் சொல்வதென்றால், உங்களுக்காகத்தான் இதெல்லாம் செய்தேன், நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் இப்படி ஒரு விளக்கும் எரிந்திராது என்று சொல்லவேண்டும். வந்த மனிதரின் வாயில் வடை இருக்கும்போது அப்படிச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் உதயகுமாரியின் வளர்ப்பில் இல்லை.

"ஓம், சாதாரண நாள்தான்" என்றாள். "விசேசமா ஒண்டும் செய்யேல்லை."

ஒட்வார் எழுதிக்கொண்டார்.

குகநேசனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. நோர்வேயில் மின்சாரம் அருவியில் இருந்துதானே வருகிறது, அதில் கரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒட்வாரின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே ஊதியம் வாங்குகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் சொல்வது சரி. அருவியில் கரி இல்லை. ஆனால் இந்த மின்சாரத்தை நீங்கள் பாவிக்காமல் விட்டால் அது கடலுக்கடியில் போகும் கம்பி வழியாக டென்மார்க்குக்குப் போகும். அங்கே ஒரு மனிதர் அன்றைக்கு நிலக்கரி எரிக்கத் தேவையில்லை. நீங்கள் பாவித்தபடியால் அவர் எரிக்கிறார். ஆகவே அந்த டென்மார்க்காரரின் புகை உங்கள் சமையலறையில் இருந்துதான் வருகிறது."

குகநேசன் யோசித்தார். "அப்ப நோர்வே வடகடலில எடுத்து விக்கிற எண்ணெய்?"

"அது வாங்கி எரிக்கிற நாட்டின் புகை. விற்றவர் அதற்கு எப்படிப் பொறுப்பாவார்?" என்று சொல்லிவிட்டு ஒட்வார் ஐந்தாவது வடையை எடுத்தார்.

அன்றுமுதல் அந்த டென்மார்க்காரன் இவர்களோடு குடிவந்துவிட்டான். குளியலறை விளக்கு வீணாக எரிந்தால் குகநேசன் படுக்கையில் இருந்தே குரல் கொடுப்பார்: "உதயா, உந்த லைற்றை நூர். டென்மார்க்காரன் இருமுறான்."

பத்து நாளில் முடிவு வந்தது. பணிமனை வீடுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று தரமாக வைத்திருந்தது. உதயகுமாரியின் வீடு சிவப்புக்குள் அடங்கவில்லை. அதற்காகக் கறுப்பு என்று புதிதாக ஒரு தரத்தை உண்டாக்கியிருந்தார்கள். அறுபத்தெட்டுச் சதுரமீற்றர் வீட்டுக்கு இவ்வளவு சூடு வேண்டுமென்றால் அங்கே துலிப் பூ வளர்க்கவேண்டும், அல்லது ஒரு சிறிய நீச்சல்குளம் இருக்கவேண்டும், இரண்டில் எது இருக்கிறது என்று தெரிவிக்கும்படி கேட்டிருந்தது கடிதம். ஆறு கிழமைக்குள் எல்லா அறைகளிலும் பெட்டி பொருத்தப்படும். குழந்தை இருக்கிற அறையும் எல்லா அறைகளுக்குள் ஒன்று.

அடுத்த நாளே உதயகுமாரியும் குகநேசனும் சுரங்க ரயில் பிடித்து நகரத்துக்குப் போனார்கள். அன்று பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. பணிமனையின் வாசற்படியில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. படிகளுக்கு அடியில் சூட்டுக்கம்பி ஓடுகிறதாம். அக்கம்பக்கத்துக் குருவி எல்லாம் அந்தப் படியில் குந்தியிருந்து வயிற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. உள்ளே வரவேற்பில் இருந்த பெண் கையில்லாத சட்டையோடு காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கட்டடத்தில் சூடு கொஞ்சம் கூடிவிடும், அதனால் யன்னலைத் திறந்து வைப்போம் என்று தானாகவே விளக்கம் சொன்னாள்.

பணிமனைத் தலைவி ராங்கில்ட் அவர்களை மரியாதையாக இருத்தினார். குகநேசன் கடிதத்தை மேசையில் வைத்து, பிள்ளையின் நிறை, தாதி சொன்ன பாகை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். ராங்கில்ட் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கண்ணிலே இரக்கம்கூடத் தெரிந்தது. பிறகு ஒரு பட்டியலை எடுத்தார். பெட்டியில் இருந்து விலக்குப் பெறக்கூடியவை அதில் இருந்தன. வெப்பமண்டல மீன், கிளி, பியானோ, தொன்மையான மரத் தளபாடம்.

"குழந்தை?" என்று உதயகுமாரி கேட்டாள்.

"குழந்தைகளைப் பற்றி நாங்கள் மூன்று கூட்டம் நடத்தினோம்" என்றார் ராங்கில்ட். "சிக்கல் என்னவென்றால் குழந்தை நிரந்தரமானதல்ல. வளர்ந்துவிடும். ஒரு கிளி அறுபது வருடம் கிளியாகவே இருக்கும். எங்களுக்கு அப்படியான உறுதி வேண்டும்."

அறைக்குச் சூடு தேவை என்று மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார். அவர்கள் தாதியிடம் போனார்கள். குழந்தை பூரண சுகமாக இருக்கிறது, சுகமான குழந்தைக்கு நான் எப்படி வருத்தச் சான்றிதழ் தருவது என்று தாதி கையை விரித்தாள். அதைப் பணிமனையில் போய்ச் சொன்னபோது ராங்கில்ட் உண்மையாகவே மகிழ்ந்தார். "இது நல்ல செய்தி அல்லவா. குழந்தைக்குக் குளிரால் ஏதாவது வந்தால் உடனே வாருங்கள். அப்போது அறையைச் சூடாக்க நாங்கள் ஒரு நாளும் தாமதிக்கமாட்டோம்."

திரும்பி வரும்போது, புருசெத்தில் ரயிலை விட்டு இறங்கியபடி குகநேசன், ஒரு கிளி என்ன விலை வரும் என்று விசாரித்துப் பார்ப்போமா என்றார். அவர் பகிடி விடுகிறாரா இல்லையா என்று உதயகுமாரிக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

குகநேசன் மேன்முறையீட்டு மனு ஒன்று கொடுத்தார். மனு கொடுத்தவர்களைப் பணிமனை கைவிடுவதில்லை. கறுப்புத் தர வீட்டுக்கு ஆலோசகர்கள் இலவசமாக வருவார்கள், அதன்பிறகு வீட்டை ஒருதரம் திரும்ப அளப்பார்கள். முதலில் வந்தவர் யன்னல் ஆலோசகர். பிறகு கம்பளி ஆலோசகர். கம்பளிச்சட்டையை எந்தக் கையில் தொடங்கிப் போட்டால் உடற்சூடு வீணாகாது என்று ஒன்றரை மணித்தியாலம் காட்டினார். மூன்றாவதாக வந்த பெண் மன ஆலோசகர். குளிர் என்பது பெரும்பாலும் எண்ணம் என்று சொல்லி, பத்துப் பன்னிரண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி வரவேற்பறை முழுக்க வைத்தாள். மெழுகுதிரியின் புகை கணக்கில் வராதா என்று குகநேசன் கேட்டார். அது சூடு இல்லை, சூழல் என்று பதில் வந்தது.

ஒவ்வொருவர் வரும்போதும் உதயகுமாரி முதல்நாளே வீட்டைச் சூடாக்கினாள், பலகாரம் சுட்டாள். ஒவ்வொருவரும் போகும்போது மின்மானியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆலோசனைக்குப் பிறகும் அளவு ஏறிக்கொண்டே போகிறது, குடும்பம் ஒத்துழைக்கிறதா என்பது ஐயமாக உள்ளது என்று ஒரு கடிதம் வந்தது.

கோபிகாதான் முதலில் கண்டுபிடித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அம்மா, அவங்கள் வாற நாளிலதான் கரண்ட் கூடுது. வராட்டில் எங்கட வீட்டில என்ன எரியுது? இந்த ஒரு ரூமும் குசினி லைற்றும். அதைச் சொல்லுங்கோவன்" என்றாள்.

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? நீங்கள் வாறதாலதான் செலவு எண்டு மூஞ்சைக்கு நேர சொல்லுறதோ?"

"அப்ப தேத்தண்ணியோட விடுங்கோ."

"வெறுந்தேத்தண்ணியோ?" என்றாள் உதயகுமாரி. மகள் சொன்னது அவளுக்கு விளங்காத மொழியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒட்வார் வந்தார், மீளளவுக்கு நாள் குறிக்க. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நிமிடம் என்று சொல்லித் தன் தொலைபேசியில் ஏதோ எண்களை அழுத்தினார். வேறு யாரோடும் கதைக்கவில்லை. அழுத்திவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். தன்னுடைய மலைவீட்டுக்கு அழைத்ததாகச் சொன்னார். அழைத்தால் அங்கே ஹீற்றர்கள் தானாகப் பற்றிக்கொள்ளும். நாளை மத்தியானம் அவரும் மனைவியும் போய்ச் சேரும்போது வீடு இருபத்திரண்டு பாகையில் இருக்கும்.

"இப்ப அங்கை ஆர் இருக்கினம்?" என்று உதயகுமாரி கேட்டாள்.

"ஒருவரும் இல்லை."

"ஒருவரும் இல்லாத வீட்டையோ சூடாக்கிறியள்?"

"அது நாங்கள் வருவதற்காக" என்றார் ஒட்வார், பொறுமையாக. "குளிர்ந்த வீட்டுக்குள் ஒருவரை வரவேற்பது எப்படி இருக்கும், சொல்லுங்கள். பணிமனை மலைவீடுகளை அளப்பதில்லை. அங்கே யாருக்கும் சாதாரண நாள் என்று ஒன்று கிடையாது."

உதயகுமாரிக்கு அந்த மனிதர்மேல் முதல்தடவையாக ஒரு மரியாதை வந்தது. வருகிறவருக்காக வீட்டைச் சூடாக்கத் தெரிந்த ஆள். அவருடைய தட்டில் இன்னும் இரண்டு வாய்ப்பன் பலகாரம் வைத்தாள்.

மீளளவுக்கு அவர் குறித்துவிட்டுப் போன நாள், பிள்ளையின் முப்பத்தோராம் நாளாக, துடக்குக் கழித்துச் சனத்துக்குச் சோறு கொடுக்கிற நாளாக விழுந்தது. நாளை மாற்றித் தரும்படி கேட்கலாம் என்றார் குகநேசன். மாற்றக் கேட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் பெட்டி வந்துவிடும் என்று மனுவின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. வருகிறது வரட்டும் என்று விட்டார்கள்.

முப்பத்தொன்றுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெஸ்ட்லியில் இருந்தும் பியோர்ண்டாலில் இருந்தும் வந்தவர்கள் மட்டுமே இருபது பேர். பதினொரு மணிக்கு அறுபத்தெட்டுச் சதுரமீற்றருக்குள் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். சமையல் முழுக்கக் கமலேஸ்வரி வீட்டில் நடந்து பெரிய கிடாரங்களில் மேலே வந்ததால் உதயகுமாரியின் அடுப்பு அன்று பூனை படுக்கலாம் போலக் கிடந்தது. சனத்தின் மூச்சிலும் சோற்று ஆவியிலும் வீடு புழுங்கியது. கமலேஸ்வரி, "உதயா, உந்தக் கோதாரி ஹீற்றரை நூர். பவுடர் எல்லாம் வழியுது" என்று சொல்ல, ஒன்றொன்றாக எல்லாவற்றையும் நூர்த்தார்கள். பிள்ளையின் அறையிலும் நூர்த்தார்கள். அங்கே பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள், இருபத்தாறு பாகை. யன்னலைத் திறந்துவிட்டார்கள். நல்ல வெயில் நாள், விளக்கும் தேவைப்படவில்லை.

ஒட்வார் வந்து, சப்பாத்து மலைக்கு மேலால் காலை வைத்து உள்ளே நுழைந்தார். யாரோ அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள். அவர் மின்மானியைப் பார்த்தார். சில்லு நின்ற இடத்தில் நின்றது. கருவியை நீட்டினார், இருபத்தேழு. திறந்த யன்னலைப் பார்த்தார். ஒவ்வொரு ஹீற்றரையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் கல்லுப்போலக் குளிர்ந்திருந்தன.

"இன்றைக்கும் சாதாரண நாளா?" அவருடைய குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

உதயகுமாரி அவரைப் பார்த்தாள். விசேசம் என்றால் ஏன் என்னை முறைப்படி அழைக்கவில்லை என்று அவர் நினைக்கலாம். அழைக்காமல் வந்த மனிதரை விசேசத்துக்கு நடுவே நிற்கவைத்து அவமானப்படுத்துவதா?

"ஓம், சாதாரண நாள்தான்" என்றாள்.

அதன்பிறகு வந்த கடிதம் பச்சை மையில் இருந்தது. உதயகுமாரியின் வீடு பணிமனை இதுவரை அளந்த வீடுகளில் மிகச் சிறந்தது. ஆலோசனைகள் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் மாற்றமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாராட்டுவிழாவுக்கு இருவரும் வரவேண்டும்.

விழா அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில்தான் நடந்தது. மேடையில் இருந்தவர்கள் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ராங்கில்ட் பேசினார்.

"நண்பர்களே, வரி என்பது பணம் அல்ல. வரி என்பது மனிதரை மாற்றுகிற அன்பு. இந்தப் பெண்மணியின் வீடு கறுப்பில் இருந்தது. நாங்கள் மூன்று ஆலோசகர்களை அனுப்பினோம். மூன்றே கிழமையில், டிசம்பர் மாதத்தில், ஒரு ஹீற்றரும் இல்லாமல், யன்னலைத் திறந்துவைத்து, இருபத்தேழு பாகையில் வாழ்ந்து காட்டினார். எப்படி என்று எங்கள் பொறியியலாளர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். விளங்கிக்கொள்வது முக்கியம் அல்ல. அளவு இறங்கியது. நாங்கள் இறக்கினோம்."

கைதட்டினார்கள். உதயகுமாரிக்குப் பித்தளையில் ஒரு தகடும், பணிமனையின் பெயர் பின்னிய ஒரு கம்பளித் தொப்பியும் கொடுத்தார்கள். தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ராங்கில்ட் அவள் காதருகே குனிந்து, இனி உங்களுக்குப் பெட்டியைப் பற்றிய பயம் வேண்டாம் என்றார். உதயகுமாரியின் நெஞ்சு ஒரு நிமிடம் இளகியது.

"பதினாறு பாகைப் பெட்டி உங்களுக்கு அவமானம்" என்று அவர் தொடர்ந்தார். "ஹீற்றரே தேவையில்லை என்று நிரூபித்த வீடு இது. ஆகவே ஹீற்றரை முழுமையாக நிறுத்திவிடுகிற பெட்டியைத் தருகிறோம். இந்த நாட்டிலேயே முதலாவது. வருகிற கிழமைகளில் ஒட்வார் வந்து பொருத்துவார்."

அன்றைக்குப் பிள்ளை மூன்று கிலோ நானூறு.

பிறகு இரண்டு கிழமை குகநேசன் எழுதாத கடிதம் இல்லை. நாற்பத்தேழு பேரை வைத்துத்தான் வீடு சூடானது என்று உண்மையை எழுதினார். வசிப்பவர்களின் தொகையை மறைத்ததாக வேறொரு பிரிவில் இருந்து விசாரணைக் கடிதம் வந்தது. முதல் அளவும் சாதாரண நாள் இல்லை, இரண்டாம் அளவும் சாதாரண நாள் இல்லை என்று எழுதினார். இரண்டு முறையும் உங்கள் மனைவி சாதாரண நாள் என்று சொல்லியிருக்கிறார், எழுத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்தோடும் பிள்ளை ஐம்பது, அறுபது கிராம் ஏறிக்கொண்டிருந்தது. நாலுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வெளியே மறை பதினான்கு பாகை.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. உதயகுமாரி பள்ளிக்கூடத்துக் கழுவும் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தாள். நாளைக் குறிப்பிட்டுப் பணிமனை அனுப்பிய கடிதம் அப்போது எந்தத் தபால் பைக்குள் கிடந்ததோ, அவளுக்கு வரவில்லை. வீட்டுக்குள் வந்தும் கோட்டைக் கழற்றவில்லை. வரவேற்பறை ஹீற்றரை ஆட்கள் வந்தாலொழிய அவர்கள் போடுவதில்லை, அதனால் கழற்றுகிற வழக்கமும் இல்லை. குகநேசன் விடியக்காலை தொடங்கிய வேலையை முடித்துவந்து இரண்டு போர்வைக்குள் படுத்திருந்தார். குசினியில் ஒரேயொரு விளக்கு எரிந்தது. முதல்நாள் சோற்றுக்குக் கொஞ்சம் பருப்பு மட்டும் சூடாக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டு நிற்கும்போது மணி அடித்தது.

ஒட்வார் நின்றார். ஒரு கையில் கருவிப்பை, மற்றக் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி.

உதயகுமாரி பெட்டியைக் கண்டும் பதறினாள், வீடு இருக்கிற இருப்பைக் கண்டும் பதறினாள். எது கூடுதல் என்று சொல்லமுடியாது. கொடியில் ஈர உடுப்பு தொங்கியது. கதிரையில் பிள்ளையின் துணி குவிந்திருந்தது. வாங்கோ, இருங்கோ என்று சொல்லித் துணியை அள்ளினாள். அவர் வழக்கம்போலக் கதைக்கத் தொடங்கினார், பெட்டி ஜெர்மனியில் செய்தது, திருகாணி நாலு போதும் என்று. கதைத்துக்கொண்டே ஒரு கம்பளியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் நிறுத்தினார். வீட்டுக்குள்ளும் குளிர் என்பது அவருக்கே உறைத்தது. பையில் இருந்து கருவியை எடுத்து நீட்டினார். தட்டிப் பார்த்தார். திரும்பவும் நீட்டினார்.

உதயகுமாரி எட்டிப் பார்த்தாள். பதினாலரை.

மின்மானியைப் போய்ப் பார்த்தார். சில்லு மெல்ல மெல்ல, நடக்கப் பஞ்சிப்பட்ட ஆள்போல நகர்ந்தது. வந்து நின்று கொடியைப் பார்த்தார், கோட்டோடு நிற்கிற உதயகுமாரியைப் பார்த்தார், போர்வைக்குள் குறட்டை விடுகிற குகநேசனைத் திறந்த கதவால் பார்த்தார். இந்த முறை அவர் சாதாரண நாளா என்று கேட்கவில்லை. அவள் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தாள்.

பிறகு பெட்டியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் அறைக்குள் போனார்.

உதயகுமாரி வாசலில் நின்றாள். கோபிகா கட்டிலில் சாய்ந்தபடி நித்திரையாகியிருந்தாள். அவளுடைய நெஞ்சில் பிள்ளை படுத்திருந்தது. அன்றைக்குக் காலை தாதி நிறுத்தபோது மூன்று கிலோ எண்ணூறு. சுவரில் தொங்கிய பாகைமானி இருபத்துமூன்று காட்டியது. ஹீற்றரின் முன்னால் முழங்காலில் இருந்த ஒட்வார் இரண்டு கையையும் அதற்குமேலே பிடித்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்கவில்லை. அவருடைய மூக்கின் சிவப்பு மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. வாய் ஓயாத மனிதர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவள் கண்டதில்லை.

அவள் குசினிக்கு ஓடினாள். தேத்தண்ணி வைத்தாள். பால் முடிந்திருந்தது. விசுக்கோத்துத் தகரத்தைத் திறந்தாள். நூல்கட்டையும் ஊசியும்தான் இருந்தன. இப்படி ஒரு நாளில் ஒரு மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று அவளுக்கு அழுகை வந்தது. வெறுந்தேத்தண்ணியைக் கொண்டுபோய் வரவேற்பறை மேசையில் வைத்தபோது அவர் அறையை விட்டு வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கதிரையில் இருந்து, கோட்டோடு, முழுத் தேத்தண்ணியையும் குடித்தார். படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்து, 'பொருத்தப்பட்டது' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கீழே கையொப்பம் வைத்தார். சாம்பல் நிறப் பெட்டியைக் கருவிப்பைக்குள் வைத்து அதன் வாயை இழுத்து மூடினார்.

உதயகுமாரி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சரியில்லை. வடை இல்லை, விளக்கு இல்லை, ஒரு விசுக்கோத்துக்கூட இல்லை. கோபம்தான், வேறென்ன. "அடுத்தமுறை வாறதெண்டால் ஒருக்கால் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று தமிழில் தொடங்கி நோர்வேஜியத்தில் முடித்தாள்.

ஒட்வார் வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டினார். தொப்பியைக் காது மூடப் போட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.